கொழும்பின் சதுப்பு நிலமும் துவிச்சக்கரவண்டியும்



வெள்ளவத்தையில் காலி வீதியைக் குறுக்கறுத்துக் கடலிற் சேரும் கால்வாயை நாள்தோறும் கடந்து செல்வோர் பல்லாயிரவர். பாலத்தில் நின்று கீழே நோக்குவோர் மிகச் சிலர். நோக்கினால், கரையிற் கிடக்கும் மரக்கட்டை போன்ற ஒன்று மெல்ல அசைந்து நீரில் இறங்குவதைச் சிலவேளை காணலாம். அது கபரகொய்யா. நகரின் வடபால், கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரத்திற் கடலை அடையும் வாய்க்காலும் இதே நீர்வலையின் மற்றொரு நுனியே. தமிழ் மக்கள் செறிந்து வாழும் இவ்விரு பகுதிகளையும் பஸ் வண்டிகள் இணைப்பதற்கு நெடுங்காலம் முன்பே நீர் இணைத்திருந்தது. அந்நீர்க்கரைகளில் வாழும் பறவைகளையும் விலங்குகளையும் கொழும்பு மாந்தர் எவ்வாறு நோக்கி வந்தனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இச்சதுப்பு நிலங்களை எவரும் உயிர்களின்பொருட்டுக் காத்து வைக்கவில்லை. செண்பகப் பெருமாளை யாழ்ப்பாணத்தின்மேல் ஏவிய ஆறாம் பராக்கிரமபாகு, 15ஆம் நூற்றாண்டிற் கோட்டை நகரைத் தன் தலைநகராகக் கொண்டதற்கு ஒரு காரணம், தியவன்னா ஓயாவின் சேறு பகைவரைத் தடுக்கும் என்பது. போர்த்துக்கேயருக்குப் பேரை வாவி அரணாயிற்று. ஒல்லாந்தருக்கு வாய்க்கால் வாணிகப் பாதை; கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியாகப் புத்தளம் வரை அவர்களுடைய படகுகள் பண்டம் ஏற்றிச் சென்றன. அரணும் பாதையும் தேவைப்பட்டவரையில் நீர் இருந்தது. நீர் இருந்தவரையில் கொக்கும் நீர்நாயும் இருந்தன.

ஆயினும், அவ்வொல்லாந்தருள் ஒருவர் வாய்க்காலை மட்டுமன்றி அதன் கரையையும் நோக்கினார். அவர் 1752 முதல் 1757 வரை இலங்கையில் தேசாதிபதியாக இருந்த யோவான் கிடியோன் லோட்டன். கறுவாக் கணக்குப் பார்ப்பதற்கென அனுப்பப்பட்ட அம்மனிதர், பறவைகளையும் விலங்குகளையும் தேடிக் கொணர்வித்து, அவற்றை வண்ணத்தில் தீட்டுவித்தார். தீட்டியவர் பீற்றர் கோர்னேலிஸ் டி பெவரே. இந்நாட்டிலேயே பிறந்த கலப்பினத்தவர். கம்பனியின் சேவையில் நிலம் அளந்தும் படம் வரைந்தும் வாழ்ந்தவர். நூற்றுக்கு மேற்பட்ட அவ்வோவியங்கள் லோட்டனுடன் ஐரோப்பா சென்றன. இலண்டனில் சிட்னி பார்க்கின்சன் என்னும் இளைஞர் அவற்றுட் சிலவற்றைப் பிரதி செய்தார். 1768இல் கப்டன் குக்கின் கப்பலில் ஏறித் தென்கடல் சென்ற ஓவியரும் அவரேயாவர். இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் டி பெவரேயின் ஓவியங்கள் இன்றும் உள்ளன.

1766இல் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர், நீண்டு வளைந்த அலகுடைய ஒரு தேன்சிட்டுக்கு லோட்டனின் பெயரை இட்டார். பறவைக்குக் கிடைத்தது ஆண்டவரின் பெயர். தீட்டியவரின் பெயர் அன்று. வரலாற்றில் இஃதொன்றும் புதிதன்று. அத்தேன்சிட்டு இன்றும் கொழும்பு வீட்டுத் தோட்டங்களிற் பூவுக்குப் பூ தாவுகின்றது. தேசாதிபதிகளின் பட்டியலை மாணவரைக் கொண்டு மனனஞ் செய்விக்கும் ஆசிரியர்களாகிய நாங்கள், லோட்டனின் பெயர் வந்ததும் சற்று நிறுத்திச் சாளரத்திற்கு வெளியே நோக்கச் சொல்வது நன்று.

ஆங்கிலேயர் காலத்தில் நோக்குதல் என்பது பெரும்பாலும் சுடுதலாகவே இருந்தது. பீரங்கிப் படை அதிகாரியான வின்சென்ற் லெக் 1868இல் இங்கு வந்து, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தங்கி, 1880இல் நிறைவுற்ற பெருநூலொன்றில் இலங்கைப் பறவைகளின் வரலாற்றை எழுதினார். அவர் காலத்தில் ஒரு பறவையைக் கண்டதற்குச் சான்று அதன் தோல். 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையின் பேழைகளும் அவ்வாறே நிரம்பின. 1894இல் வேட்டை விலங்குகளைக் காக்கவென ஒரு சங்கம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவருட் பலர் வேட்டைக்காரரே! சுடுவதற்கு ஒன்றும் எஞ்சாதென்ற அச்சமே அவர்களைக் காவலராக்கிற்று எனலாம். அதனால் நன்மை விளைந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

கையில் துப்பாக்கியின்றிச் சாதாரண மனிதன் நெடுந்தூரம் சென்று நோக்குவதற்குத் துணைசெய்த பொருள்களுள் துவிச்சக்கரவண்டியும் ஒன்று. அதன் வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1876இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1888இல், டன்லப் என்பவர் காற்றடைத்த இறப்பர்ச் சக்கரத்துக்கு உரிமை பெற்றார். இரும்புப் பட்டையும் கெட்டி இறப்பரும் கடகடத்த பாதையில் வண்டி ஓசையின்றி ஓடலாயிற்று. நடப்பவன் ஒரு காலைப்பொழுதிற் காணும் கரையின் மும்மடங்கைச் சைக்கிளில் வருபவன் காண்பான். மோட்டாரில் விரைபவனைப் போலன்றி, நினைத்த இடத்தில் ஒற்றைக் காலை ஊன்றி நிற்பான். நூதனசாலையில் ஓவியராய்ச் சேர்ந்த ஜி. எம். ஹென்றி 1955இல் வெளியிட்ட பறவை வழிகாட்டி நூல், இத்தகையோருக்குப் பெருந்துணையாயிற்று. தோலை உரிக்காமலே பெயரைச் சொல்ல அது கற்பித்தது.

இதற்கிடையே நகரம் வளர்ந்தது. சதுப்பு நிலம் வெற்று நிலமாகவே கருதப்பட்டது. குப்பையால் நிரப்பினர், மண்ணால் நிரப்பினர், நிரப்பிய இடத்தில் வீடு கட்டினர். போக்கிடமில்லாத ஏழைகள் கரையோரக் குடிசைகளில் வாழ்ந்ததைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நிரப்பியோர் யாவரும் ஏழைகளல்லர். பெல்லன்வில, அத்திடிய நிலங்கள் 1990இற் சரணாலயமாக்கப்பட்டன. 2010 நவம்பரில் பெய்த பெருமழையில் வெள்ளம் பாராளுமன்ற வளாகத்துள்ளும் புகுந்தது. சேற்று நிலம் நீரை ஏந்திக்கொள்ளும் பாத்திரம் என்பதை ஆட்சியாளருக்கு அந்த வெள்ளமே உணர்த்திற்று. கொக்குகள் பல்லாண்டுகள் நின்று காட்டியும் விளங்காத பாடம் அது. வாய்க்கால்கள் தூர்வாரப்பட்டன, கரைகளில் நடைபாதைகளும் பூங்காக்களும் எழுந்தன. 2018இல், ராம்சார் ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமென அங்கீகாரம் பெற்ற முதல் தொகுதி நகரங்களுட் கொழும்பும் ஒன்றாயிற்று. அத்தொகுதியுள் தலைநகரம் கொழும்பு ஒன்றே என்பர். பட்டம் பெரிது. நிரப்பும் வேலை பட்டத்தோடு நின்றுவிடவில்லை.

பின்பு 2022 வந்தது. பெற்றோல் இல்லை, வரிசைகள் மைற்கணக்கில் நீண்டன. எழுதுவினைஞரும் ஆசிரியரும் வைத்தியரும் பழைய துவிச்சக்கரவண்டிகளைத் துடைத்தெடுத்தனர்; புதியவை வாங்கச் சென்றோர் விலை கேட்டு மலைத்தனர். அத்துன்பத்தை யாரும் மீண்டும் விரும்பார். எனினும், இரைச்சல் அடங்கிய அவ்வீதிகளிற் சென்றவர்கள், தம் ஊரில் இத்தனை பறவைகள் கூவுகின்றன என்பதை முதன்முறையாகக் கேட்டனர். எரிபொருள் வந்தபின் பலர் வண்டியைச் சுவரிற் சார்த்திவிட்டனர், சிலர் விடவில்லை.

அச்சிலரோடு சேர விரும்பும் நேயர்கள் தலங்கமைக் குளக்கரைக்குச் செல்லலாம். 2007இற் சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட இடம் அது. கரையோர வீதியில் வண்டியை மெல்ல உருட்டினால், நீலத் தாழைக்கோழி செந்நிறக் காலை உயர்த்தி ஆம்பல் இலைமேல் நடப்பதைக் காணலாம். மேலே மரங்களில் இந்நாட்டுக்கே உரிய ஊதாமுக மந்தி தென்படலாம். மீன்பிடிப் பூனையைப் பகலிற் காண்பது அரிது. கொழும்பின் ஈரநிலங்களில் அது இரவில் திரிவதை மறைகமராக்கள் பதிந்துள்ளன. பூங்காக்களின் பலகைப் பாதைகளில் வண்டியை வாயிலில் விட்டு நடந்தே செல்க. சூரியன் ஏறுமுன் போவது நலம். மணியை மட்டும் அடியாதீர்கள்.