முள்வேலிக்குள் வாழ்ந்தவர்கள்

எல்லை கடந்து ஓடியவரை அகதி என்கிறோம். சொந்த நாட்டுக்குள்ளேயே வீடிழந்தவரை என்னவென்பது? அத்தகையோர் மலாயாவிலும் இருந்தனர்.

1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவும் செய்தியும் காட்டோரக் குடியிருப்புகளிலிருந்து சென்றன. அதைத் தடுக்க 1950இல் தளபதி ஹெரல்டு பிரிக்ஸ் ஒரு திட்டம் வகுத்தார். அதன்படி ஏறத்தாழ 5 லட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். பெரும்பாலோர் சீனர்.

லாரி வந்து நின்றால், கையில் அகப்பட்டதோடு ஏறவேண்டும். விளைந்த காய்கறி கொல்லையிலேயே கிடக்கும். புதிய இடத்திலோ முள்வேலி, ஊரடங்கு, அரிசிப் பங்கீடு.

தோட்டத் தமிழரும் தப்பவில்லை. சிதறிக் கிடந்த லயங்களை ஒரே வேலிக்குள் சேர்த்தனர். வாயிலில் சோதனை, சோறு எடுத்துச் செல்லத் தடை. விடியலில் பால்மரம் சீவப் போனவர்கள் வெறும் வயிற்றோடு உழைத்தனர்.

காட்டிலிருந்தோர் அரிசி கேட்டனர், கொடுத்தால் சிறை. மறுத்தால் உயிருக்கு ஆபத்து. இருவருக்கும் நடுவில் தவித்தவர் ஏழைக் குடியானவரே.

1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. வேலிகள் போயின, புதுக்கிராமங்கள் பல ஊர்களாய் நிலைத்தன. அவ்வழியே செல்லும்போது, கொல்லையை விட்டு வந்தவர்களையும் சற்றே நினைப்போம்.