கழிமுகக் கரையில் 13 கல்லறைகள்

ஒரு நாவலின் முதற் பக்கத்தில் வருகின்ற இடத்தைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு அரிதானது. இங்கிலாந்தின் கென்ற் பிரதேசத்தில், தேம்ஸ் கழிமுகத்தை அண்டிய சதுப்பு வெளியோரமாக அமைந்த கூலிங் என்னும் சிற்றூரை அத்தகையதோர் இடமாகவே நான் கருதுகிறேன்.

ஊர் சிறிது, அதன் வரலாறு பெரிது. பகைவர் கப்பல்கள் கழிமுகத்தினூடே வந்து கரையோர ஊர்களைச் சூறையாடிய காலத்தில், 1381இல் அரச அனுமதி பெற்று ஜோன் டி கொபம் பிரபு இங்கே கோட்டை எழுப்பினார். அக்குடும்பத்துப் பெண்ணை மணந்த சேர் ஜோன் ஓல்ட்காசில், திருச்சபையை எதிர்த்த லொலார்ட் இயக்கத்துக்குத் தலைமை தாங்கி 1417இல் கொல்லப்பட்டார். ஷேக்ஸ்பியரின் ஃபோல்ஸ்ராஃப் என்னும் பாத்திரம் முதலில் இவருடைய பெயரையே தாங்கியிருந்தது.

எனினும், என் உள்ளத்தை உலுக்குவது கோட்டையன்று; புனித ஜேம்ஸ் தேவாலயத்தின் சேமக்காலையே. அங்கே 13 சிறு கல்லறைகள் உள்ளன. அத்தனையும் பச்சிளங் குழந்தைகளுடையவை.

1856இல் அயலிலுள்ள காட்ஸ்ஹில் இல்லத்தை வாங்கிய சார்ள்ஸ் டிக்கன்ஸ் இச்சேமக்காலையை நன்கு அறிந்தவர். 1860 டிசம்பரில் தொடராக வரத்தொடங்கிய 'கிரேட் எக்ஸ்பெக்ரேஷன்ஸ்' நாவலிலே, அனாதைச் சிறுவன் பிப் தன் பெற்றோரின் கல்லறையருகே 5 சகோதரரின் கல்லறைகளையும் பார்த்து நிற்கிறான். 13 எவ்வாறு 5 ஆயிற்று? இயற்கையை அப்படியே பிரதி செய்யாமல் அளவோடு நிற்பதே கலை என்ற கருத்தில் விளக்கம் தருகிறார், டிக்கன்ஸின் வாழ்க்கையை எழுதிய ஜோன் ஃபோஸ்ரர்.

கலைஞன் குறைக்கலாம், வரலாறு குறைத்தல் ஆகாது. அச்சதுப்பு நிலத்து மக்களை நூற்றாண்டுக் கணக்காக வாட்டிய குளிர்காய்ச்சல், நாம் மலேரியா என்று அழைக்கும் நோயே. உவர்நீர்க் குட்டைகளிலே பெருகிய நுளம்பு அதைப் பரப்பிற்று. மக்களோ சேற்றிலிருந்து எழும் நச்சுக்காற்றே காரணம் என நம்பினர். நுளம்பின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் றொஸ் கண்டது 1897இல். டிக்கன்ஸ் மறைந்து அப்போது 27 ஆண்டுகள். கூலிங் குழந்தைகளின் சாவுக்கும் அக்காய்ச்சலையே ஊர்வழக்குக் காரணமாகச் சொல்கிறது.

சதுப்பு நீர் வடிக்கப்பட்டது, கொயினா மருந்து வந்தது, காய்ச்சல் அகன்றது. 1976இல் தேவாலயத்தில் வழமையான வழிபாடும் நின்றுபோனது. ஆயினும், பிப்பைத் தேடி வாசகர்கள் அங்கே செல்கின்றனர். நாவலைப் படிக்கும்போது அந்த 5 பேரோடு, எழுதப்படாத 8 பேரையும் கூட்டி எண்ணுங்கள் என்பதே என் வேண்டுகோள்.