கரும்புக்காக வந்த கீரியும் ஆன்டிகுவா பாம்பும்

ஆன்டிகுவா ரேசர், கிழக்குக் கரீபியத்தில் உள்ள ஆன்டிகுவா தீவுக்கே உரிய விஷமற்ற பாம்பு. ஒரு மீட்டர் நீளம் என்பதே அதற்குப் பெரிய உருவம். பெண் பாம்பு ஆணைவிடப் பருமனானது, வெள்ளி கலந்த சாம்பல் நிறம், ஆணோ கரும்பழுப்பு. பகலில் சருகுக்குள் உடலை மறைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும், ஓணான் அருகில் வந்ததும் கவ்விவிடும். மனிதர் பிடித்தால் கடிப்பது அபூர்வம். நாற்றமடிக்கும் திரவத்தைப் பீச்சுவதோடு சரி.

தீவின் காடு கரும்புக்காக அழிந்தது. 1674-இல் கிறிஸ்டோபர் காட்ரிங்டன் பெரும் தோட்டம் அமைத்த பின், ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் ஆன்டிகுவா முழுவதும் கரும்பு பரவியது. ஐரோப்பியக் கப்பல்களில் வந்த கருப்பு எலிகளுக்கு அது நல்ல தீனி. எலியை ஒழிக்கத் தோட்ட முதலாளிகள் கண்ட வழி கீரி. 1872-இல் இந்தியாவிலிருந்து ஜமைக்காவுக்கு ஒன்பது கீரிகள் கொண்டுபோகப்பட்டன. அவை பெருகி மற்றத் தீவுகளுக்கும் பரப்பப்பட்டன. 1890-களில் ஆன்டிகுவாவிலும் கீரி விடப்பட்டது. கணக்கு எளிய இடத்தில் பிசகியது: எலி இரவில் நடமாடும், மரமும் ஏறும்; கீரி பகலில் தரையில் வேட்டையாடும். பாம்பும் பகலில் தரையில்தான் இருந்தது. நம் ஊர்ப் பாம்புகள் கீரியோடு காலங்காலமாக வாழ்ந்தவை. இந்தத் தீவுப் பாம்போ அப்படியொரு எதிரியைக் கண்டதே இல்லை. சில பத்தாண்டுகளில் ஆன்டிகுவாவில் அது அற்றுப்போனது.

வடகிழக்குக் கரைக்கு அப்பால், கீரி எட்டாத கிரேட் பேர்ட் தீவில் மட்டும் அது மிஞ்சியது. பத்து ஹெக்டேர்கூட இல்லாத அந்தத் திட்டில் 1995-இல் நடந்த ஆய்வு, ஏறத்தாழ 50 பாம்புகளே எஞ்சியிருப்பதாகக் காட்டியது. பலவற்றின் வால் எலி கடித்துக் குறைந்திருந்தது. எனவே முதல் வேலையாக நச்சு இரை வைத்து எலிகளை ஒழித்தார்கள். ஜெர்சி விலங்குக்காட்சி சாலையில் வளர்த்துப் பெருக்கும் முயற்சி நோயால் தோற்றது. பலன் தந்தது இடமாற்றமே. 1999-இல் ராபிட் தீவிலும், பின்னர் கிரீன் தீவு, யார்க் தீவு ஆகியவற்றிலும் பாம்புகள் விடப்பட்டன. எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

ஆன்டிகுவாவின் சர்க்கரைத் தொழில் 1970-களின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. கீரிகள் அங்கேயே இருக்கின்றன. அதனால் இந்தப் பாம்பைப் பெருந்தீவில் மீண்டும் விட இன்றும் வழியில்லை.