ஈரத்துணி வைத்தியம் - ஒரு சின்ன வரலாறு

காலைல ஒரே செல்ஃப்ல கிளம்பற வண்டி, அம்பது கிலோமீட்டர் ஓடி டீக்கடையில நிறுத்தினா மறுபடி கிளம்ப மாட்டேங்கும். அரைமணி கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். சூட்டுல மட்டும் அடம்பிடிக்கிற இந்த வியாதி ரொம்பப் பழசு மக்களே.

உங்க அப்பா தலைமுறைகிட்ட ஊட்டி மலைப்பாதை பத்திக் கேட்டுப் பாருங்க. ஓரமா நிக்கிற அம்பாசடர், திறந்த பானட், பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணி. இது மந்திரம் இல்ல, சுத்தமான பௌதிகம்.

பெட்ரோல் பல ஹைட்ரோகார்பன்களோட கலவை. தண்ணி மாதிரி ஒரே வெப்பநிலையில கொதிக்காது. லேசான பகுதிகள் 40 டிகிரி பக்கத்துலயே ஆவியாக ஆரம்பிச்சுடும். பழைய கார்கள்ல பம்ப் இன்ஜின் மேலயே உட்கார்ந்துகிட்டு, பின்னாடி இருக்கிற டேங்க்லேர்ந்து ஸ்ட்ரா போட்டு உறிஞ்சற மாதிரி பெட்ரோலை இழுக்கும். உறிஞ்சற பக்கம் அழுத்தம் குறையும், கூடவே கொதிநிலையும் குறையும். மலை ஏறினா காத்தழுத்தமும் குறைவு. போதாக்குறைக்கு, வண்டியை நிறுத்தினதும் ஃபேன், ரேடியேட்டர் தண்ணி எல்லாம் நின்னுடறதால பானட்டுக்குள்ள சூடு இன்னும் ஏறும். குழாய்ல ஆவி அடைச்சுக்கும். இதுதான் வேப்பர் லாக். ஈரத்துணி அந்த ஆவியைத் திரும்ப பெட்ரோலாக்கும், அவ்ளோதான்.

இரண்டாம் உலகப் போர் விமானங்களுக்கும் உயரத்துல இதே தலைவலி. அதுக்கு வந்த தீர்வு, டேங்க்லயே பூஸ்டர் பம்ப். அதாவது உறிஞ்சாதே, பின்னாலேர்ந்து தள்ளு! அழுத்தம் கூடினா கொதிநிலையும் கூடும்.

இந்த எளிய யோசனை சாதாரண கார்களுக்குப் பரவ பல வருஷம் ஆச்சு. 1967-ல ஃபோக்ஸ்வாகன் 1600-ல பாஷ் கம்பெனியோட எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் வந்தது. அதுக்கு அழுத்தத்தோட பெட்ரோல் வேணும், அதனால எலக்ட்ரிக் பம்ப். பின்னாடி அந்த பம்ப் டேங்க்குக்குள்ளேயே குடியேறிடுச்சு.

நம்ம நாட்டுல இதைக் கொண்டுவந்தது ஈரத்துணி போட்ட டிரைவர்களோட கஷ்டம் இல்ல, புகை! டெல்லி வட்டாரத்துல 2000 ஏப்ரல்லேர்ந்து தனியார் கார்களுக்கு யூரோ 2 விதின்னு 1999-ல உச்சநீதிமன்றம் சொல்லிச்சு. கார்புரேட்டர் காலி. 2020-ல பி.எஸ். 6 வந்து பெரும்பாலான பைக்குகளுக்கும் இன்ஜெக்ஷன் வந்தாச்சு. புகைக்குக் குடுத்த மருந்துல வேப்பர் லாக்கும் கிட்டத்தட்ட குணமாயிடுச்சு :-)

ஆனா வியாதி போனாலும் பேர் போகல. இன்னிக்கும் சூட்டுல நின்ன வண்டியைப் பார்த்து "வேப்பர் லாக் சார்"னு பம்பை மாத்தற ஆளுங்க இருக்காங்க. இன்ஜெக்ஷன் வண்டியில முதல்ல சந்தேகப்பட வேண்டிய ஆள்கள்ல ஒண்ணு கிராங்க் சென்சார். சூடானா உள்ளே இருக்கிற காயில் விட்டுப்போகும், ஆறினா ஒட்டிக்கும்.

அதனால வண்டி ஆறறதுக்கு முன்னாடியே மெக்கானிக்கை ஸ்பார்க் பார்க்கச் சொல்லுங்க. ஸ்பார்க் இல்லைன்னா சென்சார், இக்னிஷன் காயில் பக்கம் தேடணும். ஸ்பார்க் இருந்தா பெட்ரோல் அழுத்தத்தை அளக்கணும். ஆறின வண்டி ஒரு துப்பும் குடுக்காது. பர்ஸ்தான் இளைக்கும்.

உங்க வீட்டுப் பெரியவங்க கிட்ட ஈரத்துணிக் கதை இருந்தா பின்னூட்டத்துல போடுங்க.