பக்கிரியின் ஓய்வு: பாரிஸ் தெருக்களும் கலைஞர்களின் பதிலும்

லாச்சப்பல் மெட்ரோவில் இறங்கி இட்லி, தோசை தேடிப் போகும் நம்மவர்கள், தலைக்கு மேல் ரயில் ஓடும் பாலத்தின் அடிப்பகுதியை அதிகம் கவனிப்பதில்லை. 2015 ஜூன் 2 வரை அங்கே சூடான், எரித்திரியா அகதிகள் முந்நூறு பேருக்கு மேல் கூடாரமிட்டுத் தங்கியிருந்தார்கள். போலீஸ் அவர்களை அகற்றியது. பின்னர் கம்பிவேலி வந்தது. 'இங்கே படுக்காதே' என்று வேலி சொல்வது எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

நகரின் வடிவத்தைக் கொண்டே மக்களை ஆள்வது பாரிசுக்குப் புதிதல்ல. 1853 முதல் 1870 வரை ஓஸ்மான் பழைய சந்துகளை இடித்து அகன்ற சாலைகள் போட்டார். காற்றும் கழிவுநீர்க் குழாயும் வந்தன. கூடவே, கிளர்ச்சிக்காரர்கள் தெருவை மறிப்பது கடினமாயிற்று; ஏழைகள் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டனர். இத்தகைய திட்டமிடலுக்கு எதிராக கி தெபோர் 1957இல் 'நிர்வாண நகரம்' என்ற படைப்பை வெளியிட்டார். பாரிஸ் வரைபடத்தைத் துண்டுகளாக வெட்டி, சிவப்பு அம்புக்குறிகளால் இணைத்த படம் அது. அதிகாரிகள் வகுத்த பாதையில் அல்ல, மனம் இழுக்கும் வழியில் நடக்கச் சொன்னது.

2003இல் ஜில் பாத்தேயும் ஸ்தெஃபான் அர்ஜிலேயும் எடுத்த குறும்படம் 'பக்கிரியின் ஓய்வு'. நடுவில் கைப்பிடி வைத்த பெஞ்சுகள், கூர்முனை பதித்த திண்ணைகள் ஆகியவற்றின் மேல் பாத்தே படுத்துக் காட்டுகிறார். ஆணிப்படுக்கைச் சாமியாரை அறிந்த நமக்கு விளக்கம் தேவையில்லை. சாமியார் விரும்பிப் படுத்தார். வீடற்றவனுக்கு அந்தத் தேர்வு இல்லை.

2017 பிப்ரவரியில் போர்த் தெ லாச்சப்பல் பாலத்தின் கீழ், அகதிகள் படுக்கும் இடத்தில், நகராட்சி பாறைகளைப் போட்டது. கல்தச்சர்கள் சிலர் உளியோடு வந்து அப்பாறைகளிலேயே தங்கள் எதிர்ப்பைச் செதுக்கினார்கள்.

பொறியியல் படித்தபோது, வடிவமைப்பு என்றால் பயன்பாட்டை எளிதாக்குவது என்றுதான் எனக்குச் சொல்லித்தந்தார்கள். பயன்பாட்டைத் தடுப்பதும் வடிவமைப்பே என்று இப்படைப்புகள் சொல்கின்றன. அதில் உத்தரவிட்டவர் முகம் தெரியாது, வாதாட ஆளும் கிடைக்காது.

எண்பதுகளில் இதே லாச்சப்பலுக்கு வந்த ஈழத்தமிழர்களும் அகதிகளே. 1985இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் ஆண்டுதோறும் இத்தெருக்களில் ஓடுகிறது. நடுரோட்டில் தேங்காய்கள் சிதறுகின்றன. ஒருநாளாவது தெரு நம்முடையதாகிறது. அந்த மகிழ்ச்சியை அறிந்தவர்களுக்கு, பாலத்தடி வேலியின் பொருளும் புரியாமல் போகாது.