கூவுவது சேவலோ, பெடையோ? குயிற்குரலும் தமிழிலக்கிய மரபும்

இளவேனிலில் சுவாமிமலை, திருவலஞ்சுழி முதலிய காவிரிக்கரை ஊர்களின் தோப்புக்களில் மிகுதியும் கேட்கப்பெறுவது குயிலின் குரலாகும். குரல் கேட்கும் அளவிற்குப் பறவை கண்ணிற் படுவதில்லை. மாவின் செறிந்த இலைகளிடையே மறைந்திருந்து கூவுதல் அதன் இயல்பு. கூவுவது ஆணோ, பெண்ணோ என்னும் வினா இதனாலேயே எழுகின்றது. பறவை நூலார் ஆண் என்பர். பாவலர் பலர் பெண் என்பர். இம்முரண்பாட்டினைக் காட்டி, நம் புலவர் இயற்கையைக் கூர்ந்து நோக்கிலர் எனக் கூறுவாரும் உளர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதனைச் சான்றுகள் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பறவையின் இயல்பு

சேவற்குயில் நீலமும் பசுமையும் ஒளிரும் கரிய நிறத்தது. பெடை பழுப்பு நிறமும் வெண்புள்ளிகளும் உடையது. படிப்படியாக உயர்ந்து செல்லும் நெடுங்கூவல் சேவலுக்கே உரியது. பெடையின் குரல் 'கிக் கிக்' என விரைந்தெழும் கூரிய ஒலியாம். சேவல் கூவுவது துணையை அழைத்தற்கும், தன் இருப்பைப் பிற சேவல்கட்கு அறிவித்தற்குமாம். பெடை கூடு கட்டுவதில்லை. காக்கைக் கூட்டில் முட்டையிடும். அம்முட்டை காக்கையின் முட்டைகட்கு முன்னரே பொரித்தலின், குயிற்குஞ்சு இரையை முந்திப் பெற்று வளரும். காக்கையின் கரைதலைக் கேட்டு வளர்ந்த அப்பறவை பருவம் எய்தியபின் குயிலாகவே கூவுகின்றது. எனவே அக்கூவல் கற்று வந்ததன்று, பிறவியில் அமைந்தது என்பது பெறப்படும். பிறரால் வளர்க்கப்பெற்றது எனப் பொருள்படும் 'பரபுட்டம்' என்னும் பெயர் குயிலுக்கு வழங்குதலின், அதன் வளர்ப்பு முறையைப் பழையோர் நன்கு அறிந்திருந்தனர் என்பதும் புலனாகும்.

2. சங்கச் சான்றுகள்

தொல்காப்பிய மரபியல், 'சேவல்' என்னும் ஆண்பாற் பெயரை மயில் ஒழிந்த பறவைகட்கெல்லாம் உரிமையாக்கும். ஆண், பெண் வேறுபாட்டினை இவ்வளவு நுணுகி வகுத்த மரபில், குயிலின் பால் எவ்வாறு சுட்டப்பெற்றது என்பதனை இரு பாடல்களிற் காண்போம்.

குறுந்தொகை 192-ஆம் பாடலில் கச்சிப்பேட்டு நன்னாகையார், மாம்பூவின் தாது படிந்த கருங்குயிலைப் பொன் உரைத்த கட்டளைக்கல்லோடு உவமிக்கின்றார். அதன் இறகின் ஒளியையும் அவர் குறிக்கத் தவறவில்லை. கருமையும் ஒளியும் சேவலின் அடையாளங்கள். பெடைக்கு இவ்வுவமை சற்றும் பொருந்தாது. புலவர் தம் கண்ணாற் கண்ட பறவை சேவலே என்பதில் ஐயமில்லை.

ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய இளவேனிற்பத்தின் முதற்பாட்டோ (341) இனிய குரலைப் பெடைக்கு உரியதாக்குகின்றது. இது பறவையின் இயல்போடு மாறுபடுவது உண்மையே. ஆயின் அப்பத்தின் அமைப்பினை நோக்குதல் வேண்டும். தலைவன் வந்திலன், அவன் குறித்த பருவம் மட்டும் வந்தது என்னும் தலைவியின் ஆற்றாமையே பத்துப் பாட்டிலும் முதற்கண் நிற்கின்றது. தனித்திருப்பாள் ஒருத்தி, தன்னை ஒத்த பெண்ணுயிரின் குரலாகவே அதனைக் கேட்கின்றாள். நன்னாகையார் பாட்டிற் குயில் காட்சிப் பொருள். ஓதலாந்தையார் பாட்டில் அது கேள்விப் பொருள். பால் வேறுபாட்டிற்கு இதுவே காரணம் எனக் கொள்ளலாம்.

3. சிலம்பின் குயிலோன்

சிலப்பதிகார வேனிற்காதையில் இளங்கோவடிகள் காமன் படையின் ஏவலை அறிவிப்பவனாகக் குயிலைப் படைத்துக் 'குயிலோன்' என ஆண்பாலாற் கூறுகின்றார். படைத்தொழில் நோக்கி அவ்வாறு கூறினார் எனின், அதுவும் எம் கருத்திற்கு அரணே ஆகும். செவியாற் கேட்ட குரலுக்குப் பால் அமைவது பாட்டின் சூழல் பற்றி என்பதே யாம் கூறுவது. எனினும், இருப்பை அறிவித்தல் என்னும் தொழில் பறவை நூலார் கூறும் இயல்போடு ஒத்து நிற்றல் நோக்கத்தக்கது. சுவாமிமலையைக் கடந்து கிழக்கே செல்லும் காவிரி கடலொடு கலக்கும் புகாரிலேயே அக்காதை நிகழ்கின்றது.

4. குயிலும் கிளியும்

ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் ஐந்தாந் திருமொழியிலும், மணிவாசகர் குயிற்பத்திலும், இறைவன் வரக் கூவுமாறு குயிலை வேண்டுகின்றனர். ஆண்டாள், தான் அடிசிலும் பாலும் ஊட்டி வளர்த்த கிளியைக் குயிலுக்குத் தோழமையாக்குவதாகவும் கூறுகின்றாள். கிளி இல்லத்துப் பறவை. குயில் பொழிலிற் கரந்துறையும் பறவை. மெழுகில் வடித்துக் காவிரி வண்டல் பூசி வார்க்கும் செப்புத் திருமேனிகளால் சுவாமிமலை உலகறிந்தது. அம்மரபிற் கிளி ஏந்திய தேவியரைக் காண்கின்றோம். குயில் ஏந்திய வடிவத்தை யாம் கண்டிலேம். கிளிக்கு உருவம் உண்டு. குயிலுக்கு மரபு அளித்தது குரல் ஒன்றே. உருவம் காணாக் குரலுக்குப் பால் வகுத்தல் கேட்போர் உள்ளத்தின் செயலாயிற்று.

5. மேலைநாட்டு ஒப்புமை

ஐரோப்பிய இலக்கியத்தில் இவ்விடத்தைப் பெற்றது நைட்டிங்கேல் என்னும் பறவை. குளிர்காலத்தில் ஆப்பிரிக்கா செல்லும் அச்சிறு பறவை, குயில் போலாது, நூற்றுக்கு மேற்பட்ட பாட்டு வகைகளைக் கேட்டுக் கற்றுப் பாடும். ஆங்கும் இரவெல்லாம் பாடுவது துணை பெறாத சேவலே. ஆயினும் துன்புற்றுப் பறவையாகிய பிலொமீலா என்னும் மங்கையின் கதை பற்றி, அக்குரலைப் பெண்ணின் புலம்பலாகவே பாவலர் நெடுங்காலம் பாடினர். 1798-இல் கோல்ரிட்சு அத்துயர மரபினை மறுத்து, அப்பறவையை ஆண்பாலாற் சுட்டி மகிழ்ச்சிப் பாடகனாக்கினார். மறைந்து பாடும் பறவையைப் பெண்ணாக்குதல் தமிழர்க்கு மட்டும் உரிய பிழையன்று என்பது இதனால் தெளிவாம்.

இருபதாம் நூற்றாண்டிற் பாரதியார் குயிற்பாட்டின் தலைவியாகப் பெண்குயிலையே கொண்டார். முற்பிறப்பிற் சின்னக்குயிலி என்னும் பெண்ணாகவும் அதனைக் காட்டினார். சரோசினி நாயுடுவுக்கு (1879–1949) ஆங்கிலத்தில் வழங்கிய நைட்டிங்கேல் என்னும் சிறப்புப்பெயர் தமிழிற் 'கவிக்குயில்' ஆயிற்று. பறவை வேறாயினும், இரு மரபிலும் அது வகித்த இடம் ஒன்றாதலின் தமிழுள்ளம் அதனை எளிதில் ஏற்றது.

முடிபு

கண்டு பாடியவிடத்துத் தமிழ்ப் புலவர் சேவலின் நிறத்தைப் பிழையின்றி உரைத்தனர். கேட்டுப் பாடியவிடத்துக் கூற்று நிகழ்த்துவோரின் நிலைக்கேற்பப் பால் அமைத்தனர். ஆதலின் ஐங்குறுநூற்றுப் பெடையை அறியாமை எனத் தள்ளுதலும், இளங்கோவின் குயிலோனைப் பறவையியற் சான்று என்றே கொள்ளுதலும் ஒருங்கே பொருந்தா. இயற்கைச் செய்தியைப் பழம்பாடல்களில் தேடும் ஆய்வாளர், அச்செய்தி கண்ணால் வந்ததோ, செவியால் வந்ததோ, யார் வாயிலாக வந்ததோ என்பனவற்றை முதற்கண் வினவுதல் வேண்டும். அவ்வினாவின்றி எடுக்கும் முடிபு பறவைக்கும் பாட்டிற்கும் ஒருங்கே இழுக்காம்.