நடுவரும் பகடையும்: ஓர் அதிகாரப் பிரச்சினையின் வரலாறு

மேசையைச் சுற்றியமர்ந்து, ஒருவர் கதைக்களத்தை விவரிக்க ஏனையோர் அக்கதையின் பாத்திரங்களாக நின்று ஆடும் விளையாட்டு, ஐக்கிய அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் பெயருடன் நூலுருப் பெற்றது. பாத்திரமொன்றின் வாள்வீச்சுப் பலிக்குமா, அது பள்ளத்தைத் தாண்டுமா என்பனவற்றைப் பகடை தீர்மானிக்கும். கதையை நடத்துபவரே நடுவருமாவார். அவர் தமது பகடையைச் சிறியதொரு தட்டிக்குப் பின்னால் உருட்டுவது பலவிடங்களிலும் வழக்கமாயிற்று. விழுந்த எண் ஒன்று, அறிவிக்கப்படும் எண் வேறொன்று என்னும் நிலைமைக்கு அத்தட்டி இடமளிக்கின்றது. இவ்வாறு செய்தல் தகுமா என்பது அவ்விளையாட்டை ஆடுவோரிடையே நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் வாதமாகும். பெரும்பாலும் அது சுவை பற்றிய வாதமாகவே நிகழ்ந்து வந்துள்ளது. ஆயின், பகடையை மீறும் உரிமை நடுவருக்கு எங்கிருந்து வந்தது என்று வரலாற்று அடிப்படையில் வினவுவோமாயின், பிரச்சினையின் அடியில் இருப்பது அதிகாரம் என்பது புலனாகும்.

பகடை என்றவுடன் சகுனியை நினைவுகூர்தல் நம்மவர்க்கு இயல்பே. ஆனால் சகுனி ஆடுபவன், வெல்வதற்காக வஞ்சித்தவன். நாம் ஈண்டு ஆராய்வது ஆடாதவரை, வெற்றி தோல்வி எதுவும் தமக்கில்லை என்று கருதப்படுபவரை.

அந்த நடுவர் பிறந்தது பிரஷ்யப் படையிலாகும். பீரங்கிப் படை லெப்டினன்ற் ஒருவரான றைஸ்விற்ஸ், தம் தந்தையார் உருவாக்கிய போர் விளையாட்டைத் திருத்தியமைத்து 1824இல் அதன் விதிகளை வெளியிட்டார். 1:8000 என்னும் அளவுத்திட்டத்தில் வரையப்பட்ட நிலப்படம்; ஒவ்வொன்றும் இரண்டு நிமிட நேரத்தைக் குறிக்கும் சுற்றுகள்; எதிரெதிர்த் தரப்பினர் எழுத்துமூலம் வழங்கும் கட்டளைகள்; இருதரப்பு நிலைமையையும் அறிந்த ஒரேயொருவராக நடுவர். சூட்டின் பயனைத் தீர்மானிக்க அவரிடம் பகடைகளும் அட்டவணைகளும் இருந்தன. துப்பாக்கிச் சூட்டின் திறன் பற்றி ஷார்ண்ஹோர்ஸ்ற் நடத்திய பரிசோதனைகளின் பேறுகள் அவ்வட்டவணைகளுக்கு ஆதாரமாயின. போரில் தற்செயல் வகிக்கும் இடத்தைக் காட்டுவதே பகடையின் பணி என்பர். அத்துடன் வேறொரு பணியையும் அது ஆற்றியது என்பது நமது கருத்து. பதவிப் படிநிலை இறுகிய அப்படையில், இளநிலை அதிகாரியொருவர் மேலதிகாரியை நோக்கி ‘உமது படையணி அழிந்தது’ என்று கூறுதல் எளிதன்று. பகடை கூறலாம், பகடைக்குத் தோள்பட்டைச் சின்னம் தெரியாது.

அரை நூற்றாண்டின் பின்னர் இவ்வேற்பாடு கேள்விக்குள்ளானது. விதிகளின் பெருக்கம் ஆட்டத்தை மந்தமாக்குகின்றது என 1873இல் மெக்கெல் குறைகூறினார். 1876இல் வேர்டி டு வெர்னுவா ஒருபடி மேற்சென்று, அட்டவணைகளைப் பெரும்பாலும் விலக்கி, அனுபவமிக்க அதிகாரியின் தீர்ப்பையே ஆட்டத்தின் அச்சாணியாக்கினார். ‘சுயாதீன’ முறை எனப்பட்ட இது மேலோட்டத்தில் விடுதலையாகத் தோன்றும். உண்மையில் விடுதலை பெற்றவர் நடுவர் மாத்திரமே. ஆயினும், வேர்டியின் நடுவர் எதையும் ஒளிக்கவில்லை. தீர்ப்புத் தம்முடையது என்பது யாவருக்கும் தெரியும். ஆட்டம் முடிந்தபின் நிகழும் கலந்துரையாடலில் அது ஆராயப்படும். பகடையை ஒதுக்குவதும், பகடை கூறியதாகப் பொய்யுரைப்பதும் ஒன்றல்ல. இன்றைய வாதங்களில் இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுகின்றன.

இவ்வகையில் மிகுதியாக எடுத்தாளப்படும் சான்று மிட்வேச் சமருடன் தொடர்புடையது. 1942 மே மாதத் தொடக்கத்தில், யப்பானியக் கடற்படையினர் யமாட்டோ என்னும் போர்க்கப்பலில் அத்தாக்குதலை ஆட்டமாக ஆடிப் பார்த்தனர். கூட்டுக் கடற்படையின் பதவிநிலைப் பிரதானி உகாகி அதற்குத் தலைமை தாங்கினார். அமெரிக்கத் தரைத்தள விமானங்கள் யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைத் தாக்கும் கட்டத்தில் நடுவர்களுள் ஒருவரான ஒக்குமியா பகடையை உருட்டினார். ஒன்பது குண்டுகள் இலக்கைத் தாக்கின; அக்காகி, காகா ஆகிய இரு கப்பல்களும் மூழ்கின. உகாகி குறுக்கிட்டு ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். அக்காகி தப்பியது. மூழ்கியதாகக் கொள்ளப்பட்ட காகாவும் பின்னைய கட்டமொன்றில் மீண்டும் மிதந்தது. 1942 யூன் 4ஆந் திகதி நிகழ்ந்த உண்மைச் சமரிலோ இவ்விரண்டுடன் சோரியு, ஹிர்யு ஆகியனவும் தாக்குண்டு அழிந்தன.

பகடையைத் திருத்தியதன் தண்டனை இதுவென்று கூறிக் கதையை முடிப்பர் பலர். கதை நன்றாகவே இருக்கின்றது. எனினும் அவ்வளவு எளிதாக அதனை ஏற்பதற்கில்லை. முதலாவதாக, இச்செய்தியை உலகறியச் செய்தது 1951இல் ஃபுச்சிடாவும் ஒக்குமியாவும் சேர்ந்து யப்பானிய மொழியில் எழுதிய நூலாகும். பகடையை உருட்டியவரே சாட்சியாக நிற்கிறார் என்பது அதன் பலம். தோல்விக்குப் பின்னர் எழுதப்பட்டது என்பது அதன் வரம்பு. ஃபுச்சிடாவின் வேறு கூற்றுகள் சில பிற்கால ஆய்வாளரால் மறுக்கப்பட்டுமுள்ளன. இரண்டாவதாக, மிட்வேத் தீவிலிருந்து எழுந்த விமானங்கள் உண்மைச் சமரில் விமானந்தாங்கிகள் எதன்மீதும் ஒரு குண்டையேனும் வீழ்த்தவில்லை. அவற்றை அழித்தவை அமெரிக்க விமானந்தாங்கிகளிலிருந்து வந்த குண்டுவீச்சு விமானங்களே. ஆகவே, ஒன்பது மிகையென்ற உகாகியின் மதிப்பீடு, எண்ணளவில், தவறென்று கூறமுடியாது.

அங்ஙனமாயின் தவறு யாது? சோதிக்கப்பட்ட திட்டம் உகாகி பணியாற்றிய தலைமையகத்தினுடையது. சோதனைக்குத் தீர்ப்பு வழங்கியவரும் அவரே. மிட்வேயைத் தாக்கிக்கொண்டிருக்கையில் எதிரியின் விமானந்தாங்கிகள் பக்கவாட்டில் தோன்றினால் என்செய்வது என்னும் வினா ஆட்டத்தில் எழுந்ததாகவும், தெளிவான விடை கிடைக்கவில்லையெனவும் அந்நூலே கூறுகின்றது. எண் குறைக்கப்பட்டபோது அவ்வினாவின் கூர்மையும் மழுங்கிற்று. மாற்றம் பகிரங்கமாகவே நிகழ்ந்தது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். ஆட்சேபிக்க வல்லார் எவருமில்லாத அவையில் பகிரங்கமும் பெரும் பயன் தராது.

போர்க்கல்லூரியிலிருந்து வீட்டு மேசைக்கு நடுவர் வந்துசேர்ந்த வழி சுவையானது. அமெரிக்கப் படை அதிகாரி ரொற்றன் 1880இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரற்றெகோஸ்’ என்னும் போர் விளையாட்டு நூலை மினசோட்டாவைச் சேர்ந்த டேவிட் வெஸ்லி பல்கலைக்கழக நூலகமொன்றிற் கண்டெடுத்தார். 1969இல் அவர் நடத்திய ‘பிறவுன்ஸ்ரைன்’ ஆட்டத்தில், ஆடுவோர் படையணிகளை மட்டுமன்றித் தனிமனிதர்களையும் ஏற்று ஆடினர். எதிர்பாராதவற்றுக்கெல்லாம் நடுவரே தீர்ப்புரைத்தார். அதனைத் தொடர்ந்து டேவ் ஆர்னிசன் ‘பிளக்மூர்’ என்னும் கற்பனை உலகை அமைத்தார். அவரும் கேரி கைகக்ஸும் சேர்ந்து உருவாக்கியதே 1974ஆம் ஆண்டு நூல். ஆட்டத்தை நடத்துவோருக்கெனக் கைகக்ஸ் 1979இல் எழுதிய வழிகாட்டி, பகடையை மீறும் உரிமையை அவர்களுக்கு ஐயத்துக்கிடமின்றி வழங்கியது. கவனமாக ஆடியவரைத் தற்செயல் பலிகொள்ளவருமிடத்து இரக்கங்காட்டலாம். மடமையாக ஆடியவரைப் பகடையிடமே விட்டுவிடலாம் என்பது அதன் போக்கு. 2014இல் வெளியான வழிகாட்டியோ, மறைவில் எண்ணை மாற்றலாம், ஆனால் அடிக்கடி மாற்றாதே, ஆடுவோர் அறியவும் விடாதே என்று அறிவுறுத்தியது. வேர்டியிடமிருந்து வந்த உரிமை நிலைத்தது. விளக்கமளிக்கும் கடப்பாடு இடையில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

மறைவை ஆதரிப்போர் கூறும் நியாயத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. திரைக்குப் பின்னால் உள்ளதைப் பார்வையாளருக்குக் காட்டினால் நாடகம் கெடும் என்பர். ஆனால் நாடகத்தின் பார்வையாளர் கதையின் போக்கைத் தீர்மானிப்பதில்லை. இங்கோ, பின்வாங்குவதா நின்று பொருவதா என்று ஆடுபவரே தீர்மானிக்கின்றார். ஆபத்து மெய்யானது என்று நம்பியே கடைசி மருந்தையும் செலவிடுகின்றார். முடிவு முன்னரே நிச்சயிக்கப்பட்டிருப்பின் அத்தீர்மானம் வெறுமையாகின்றது. தாம் வகுத்த எதிரி அளவுக்கு மீறிப் பலம் வாய்ந்தவன் என்று நடத்துபவர் உணர்வாராயின், அதனை மேசையிலே சொல்லித் திருத்துவதற்குத் தடை யாது? அவ்வாறு திருத்துபவர் தமது கணிப்பைத் திருத்துகின்றார். தாம் விரும்பிய முடிவு கைநழுவாதிருக்க மறைவில் எண்ணை மாற்றுபவரோ உகாகியின் இருக்கையில் அமர்கின்றார். உகாகியேனும் பலர் முன்னிலையிலே மாற்றினார்.

அதிகாரத்தை நடத்துபவரின் நற்குணத்திடம் ஒப்படையாது, ஆட்டத்தின் அமைப்பையே மாற்ற முனைந்தோரும் உளர். வின்சன்ற் பேக்கர் 2010இல் வெளியிட்ட ‘அப்போகலிப்ஸ் வேர்ல்ட்’ என்னும் ஆட்டத்தில் பகடைகள் ஆடுவோர் கையிலேயே உள்ளன, நடத்துபவர் உருட்டுவதில்லை. எதிரிக்கெனத் தனியே பகடை இல்லை; ஆடுவோர் உருட்டுவது தவறும்போது எதிரியின் கை ஓங்குகின்றது. தட்டிக்குப் பின்னால் ஒளிப்பதற்கு அங்கு எண் எதுவுமில்லை.